சம வாய்ப்பு மையத்துல என்னையும் மெம்பரா போட்டுட்டாங்க, இதுல உண்மையிலயே என்னதான் பண்றது?

ஓடம்போக்கி:

எல்லாருக்கும் வணக்கம். எந்த காலேஜ்னு மட்டும் கேக்காதீங்க, திருவாரூர் பக்கம், அரசு கலைக் கல்லூரி, அதுக்கு மேல சொன்னா வேலைக்கு வேட்டு. நான் கெஸ்ட் லெக்சரர், சேர்ந்து ரெண்டு வருஷம் ஆவுது.

போன வாரம் ஒரு சர்க்குலர் வந்துச்சு. சம வாய்ப்பு மையம், உறுப்பினர்கள்னு எட்டு பேரு, ஏழாவதா என் பேரு. யாரும் என்னைய கேக்கல, ஆனா நல்ல வேலைதானேன்னு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. மறுநாள் கன்வீனர் மேடம் கூப்புட்டு மினிட்ஸ் நோட்டை நீட்டுனாங்க, காலேஜுக்கு தரம் போடுற நாக் டீம் வரப்போகுதாம். நாலு மீட்டிங் நடந்ததா எழுதிருக்கு, நாலும் வேற வேற தேதி, ஆனா ஒரே நீலப் பேனா, ஒரே கையெழுத்து, நாலுமே "தேநீருடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது"ன்னு முடியுது. முதல் மீட்டிங் தேதியைப் பாத்தா நான் காலேஜ்ல சேரவே இல்ல அப்ப. அதுலயும் ஒரு கையெழுத்து போட்டுடும்மாங்குறாங்க. கண்ணாடி எடுத்தாரல மேடம் நாளைக்கு போடுறேன்னு சொல்லிட்டு ஓடியாந்துட்டேன். நான் கண்ணாடியே போடுறதில்ல.

அத விடுங்க. அன்னிக்கு மதியானம் செகண்ட் இயர் கிளாஸ் எடுத்துட்டு இருக்கேன், ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வாசல்ல நின்னு "மேடம் ஒரு நிமிசம்"னு உள்ள வந்து, "எஸ்சி பசங்கள்லாம் எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் நாளைக்குத்தான் கடைசி"ங்குறாரு. பாதி பேரு எந்திரிச்சாங்க. சில பேரு எந்திரிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்துல திரும்பிப் பாத்தாங்க, யாரு பாக்குறாங்கன்னு. ஜன்னல் ஓரம் மூணாவது பெஞ்சுல ஒரு பொண்ணு, அது எந்திரிக்கவே இல்ல, நோட்டுல குனிஞ்சு மார்ஜின் கோடு போட்டுக்கிட்டே இருந்துச்சு, ஏற்கனவே கோடு போட்டிருந்த பக்கத்துலயே. கிளாஸ் முடிஞ்சு வராண்டால என் பின்னாடியே வந்து "மேம் அந்த ஃபார்ம் எங்க வாங்கணும்"னு கேட்டுச்சு, அவ்ளோ சின்ன கொரல்ல.

அந்த நேரத்துல நான் ஒண்ணும் சொல்லல. கிளாஸ்ல எனக்கு எதிர்லதான் நடந்துச்சு, நான் சாக்பீஸை கையில வெச்சுக்கிட்டு நின்னேன், அவ்ளோதான். ராத்திரி தூக்கம் வரல. எங்க காலேஜ்ல சம வாய்ப்பு மையம்னு ஒண்ணு இருக்கு, அதுல நான் மெம்பர், அப்ப இதைக் கேக்க வேண்டியது நான்தானே? மெம்பருக்கு ஏதாச்சும் அதிகாரம் இருக்கா, இல்ல நோட்டுல கையெழுத்து மட்டும்தானா? நான் பர்மனென்ட் இல்லங்குறதையும் மனசுல வெச்சு சொல்லுங்க.

---

அரசலாறு:

அம்மா, நான் கும்பகோணத்துக்காரன், ஒரு எய்டட் காலேஜ்ல ஃப்ரொபசரா இருந்து ரிடையர் ஆனவன். முதல்ல அந்த பழைய தேதி மீட்டிங்ல கையெழுத்து போடாதீங்க. நான் சேர்ந்த தேதிக்கு முந்தினது மேடம்னு பணிவா சொன்னா போதும், யாரும் அதுக்கு மேல வற்புறுத்த மாட்டாங்க, ஏன்னா அவங்களுக்கே தெரியும். இதச் சொல்ற நானும் யோக்கியன் இல்ல, ஒம்போது வருஷம் இதே மாதிரி ஒரு நோட்டுல கையெழுத்து போட்டவன்தான், டீயாவது நெசமா வந்துச்சான்னு கேட்டா அதுவும் எல்லா தடவையும் வரல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 2012ல யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, உயர்கல்வி நிறுவனங்கள்ல சமத்துவத்தை மேம்படுத்துறதுக்குன்னு ஒரு ரெகுலேஷன் போட்டுச்சு. சம வாய்ப்பு மையம் ஒண்ணு வேணும், பாகுபாட்டுக்கு எதிரா புகார் வாங்குறதுக்குன்னு தனியா ஒரு ஆபீசர் வேணும்னு அதுலதான் இருக்கு. உங்க பிரின்ஸிபால் மேஜைல அந்த ஆபீசர் யாருன்னு கேட்டுப் பாருங்க, பேரு இருக்கும், அவருக்கே தெரிஞ்சிருக்காது. அதுல எதெல்லாம் பாகுபாடுன்னு ஒரு பட்டியலே கொடுத்துருக்கான். கிளாஸ்ல வெச்சு பிள்ளைங்களோட சாதி, பழங்குடி, மதம், வட்டாரம் இதையெல்லாம் சொல்லி அறிவிக்கக் கூடாது. ரிசர்வேஷன்ல வந்தவன்னு முத்திரை குத்தக் கூடாது. மார்க் குறைஞ்சா அதுக்கு சாதியை காரணமா பேசக் கூடாது. அதாவது அன்னிக்கு உங்க கிளாஸ் வாசல்ல நடந்தது சும்மா மனசு சங்கடம் இல்லம்மா, விதியிலயே எழுதித் தடுத்து வெச்சிருக்கிற விஷயம். அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து கையில வெச்சுக்கிட்டு பேசுங்க, கெஸ்ட் லெக்சரர் பேசுறாங்கன்னு தோணாது, யுஜிசி பேசுதுன்னு தோணும்.

2026 ஜனவரில புதுசா ஒண்ணு கொண்டாந்தாங்க, ஓபிசி, எஸ்சி, எஸ்டி, பெண்கள், மாற்றுத்திறனாளிங்க எல்லாரும் கமிட்டில உக்காந்தாகணும்னு. அந்த மாசக் கடைசியிலயே சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்தி வெச்சு, அதுவரைக்கும் 2012ஐயே பாருங்கன்னுடுச்சு. அதனால யாராச்சும் "அதான் ஸ்டே ஆயிடுச்சே"ன்னு சொன்னா ஏமாறாதீங்க, ஸ்டே ஆனது புதுசு, பழசு இல்ல.

இன்னொண்ணு, பெரும்பாலான காலேஜ்ல அதே எட்டு பேருதான் ராகிங் தடுப்பு கமிட்டி, எஸ்சி எஸ்டி செல், குறைதீர் குழு எல்லாத்துலயும் இருப்பாங்க. பாலியல் புகாருக்கான உள் குழுவை மட்டும் இதோட போட்டு குழப்பிக்காதீங்க, அதுக்கு 2013ல வந்த தனி சட்டம் இருக்கு, தலைவர் பெண்ணா இருக்கணும், பாதிக்கு குறையாம பெண்கள் இருக்கணும், வெளியாள் ஒருத்தர் வேணும். ஒரு பொண்ணு உங்ககிட்ட அந்த மாதிரி புகார் கொண்டாந்தா நீங்களே பஞ்சாயத்து பண்ணப் போகாம அங்க கூட்டிக்கிட்டுப் போங்க.

---

வெண்ணாத்தங்கரை:

தப்பா நெனைக்காதீங்க, ஆனா இந்த மாதிரி கமிட்டி போட்டு போட்டுத்தான் சாதியை ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கோம்னு எனக்குப் படுது. நம்ம தஞ்சாவூர் பக்கம் பெரியார் இயக்கம், கம்யூனிஸ்ட் இயக்கம் எல்லாம் நடந்த மண்ணு, பேருக்குப் பின்னாடி சாதி போட்டா சிரிப்பாங்க. காலேஜ் பசங்க ஒரே தட்டுல புரோட்டா பிச்சு திங்கிறான். அவன்கிட்ட போயி நீ இந்த பிரிவு, நீ அந்த பிரிவுன்னு சொல்ல ஒரு கமிட்டியா? ஆபீஸ்காரரு ஏதோ அவசரத்துல கூப்புட்டுருக்காரு, அவ்ளோதான்.

---

கடுவையாறு:

@வெண்ணாத்தங்கரை ப்ரோ, பேருக்குப் பின்னாடி சாதி இல்லங்குறது நெசம்தான். அதனாலதான் நம்மூர்ல வேற மாதிரி கேப்பாங்க. எந்த ஊரு தம்பி? சொன்னா, அட, அங்க எந்தத் தெரு? மெயின் ரோடா உள்ளயா? டேங்குக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? நாலாவது கேள்வில கண்டுபுடிச்சுட்டு முகத்துல ஒண்ணுமே காட்டாம "சரி சரி"ம்பாங்க பாருங்க, அந்த சரி சரிய கேட்டவனுக்குத்தான் தெரியும். நான் நாகப்பட்டினம் பக்கத்து ஆளு, கீழ்வெண்மணில 1968ல கூலி கேட்டதுக்கு 44 பேரை குடிசையில வெச்சு எரிச்சது நம்ம டெல்டாலதான், நீங்க சொன்ன அதே மண்ணுலதான். நீங்க சொன்ன இயக்கம் நடந்ததும் இந்த மாதிரி கொடுமை இருந்ததாலதான்.

மேடம், எனக்கும் உங்க கிளாஸ்ல நடந்தது நடந்துருக்கு. நான் அந்தப் பொண்ணு மாதிரி இல்ல, எந்திரிச்சேன். எந்திரிச்சதுக்கு அப்புறம் ரெண்டு மாசமா என் ரெக்கார்டு நோட்ட கடன் வாங்கிக்கிட்டு இருந்த ஒருத்தன், அன்னிக்கு சாயங்காலம் அதை திருப்பிக் கொடுத்துட்டு அப்புறம் வாங்கவே இல்ல. சண்டை இல்ல, பேச்சு இல்ல. இதை எந்தப் புகார் பெட்டில எழுதிப் போடுறது? நான் படிச்ச காலத்துல சம வாய்ப்பு மையம் இருந்துச்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, மெம்பர் யாருன்னு ஒரு போர்டு கூட பாத்ததில்ல. நீங்க வேற எதுவும் செய்யாட்டியும் உங்க பேரையும் எந்த ரூம்ல எத்தனை மணிக்கு இருப்பீங்கன்னும் ஒரு பேப்பர்ல எழுதி லேடீஸ் ஹால் பக்கமும் சைக்கிள் ஸ்டாண்டுலயும் ஒட்டுங்க.

---

தேரடி_மூணுசக்கரம்:

நான் மூணு சக்கர ஸ்கூட்டர் ஆளு, போலியோ, காலிபர்னு காலுக்குத் தாங்கு கம்பி போட்டு கொஞ்ச தூரம் நடப்பேன். எம்.ஏ. முடிச்சு நாலு வருஷம் ஆவுது. எங்க காலேஜ்லயும் இந்த கமிட்டி உண்டு, எட்டு பேரு, எட்டு பேருக்கும் ரெண்டு காலும் கல்லு மாதிரி. அதுல என்ன தப்புன்னு கேப்பீங்க, சொல்றேன்.

நம்ம பக்கத்து கட்டடம் எல்லாம் வெள்ளத்துக்குப் பயந்து தரைமட்டத்த தூக்கிக் கட்டியிருப்பான், ஐப்பசி கார்த்திகைல தண்ணி வடியாம நிக்கும்ல, அதனால வராண்டா ஒன்றரை அடி ஒசரம். நாக் வருதுன்னு ரேம்ப் கட்டுனாங்க. ரேம்ப் கணக்கு என்னன்னா ஒரு அடி ஏறணும்னா பன்னெண்டு அடி நீளம் வேணும், அப்ப ஒன்றரை அடிக்கு பதினெட்டு அடி. எங்க ஆளுங்க கட்டுனது ஆறடி! அதுல வீல்சேர் ஏத்துனா ஏத்துறவன் சேந்து பின்னாடி வந்துடுவான். பளபளன்னு டைல்ஸ் வேற, மழை பேஞ்சா வழுக்குமரம்தான். போதாக்குறைக்கு ரேம்ப் ஆரம்பிக்கிற எடத்துல ஒரு வடிகால், அதைத் தாண்டித்தான் ரேம்புக்கே போவணும். போட்டோல மட்டும் அருமையா இருக்கும், கைப்புடிக்கு மஞ்ச கலர் பெயின்ட் எல்லாம் அடிச்சு, திறப்பு விழாவுக்கு ரிப்பன் கட்டி. ரிப்பன் வெட்டுனவங்கள்ல ஒருத்தர் கூட என்னைய கூப்புட்டு ஏறிப் பாருடான்னு சொல்லல.

கமிட்டில எங்க ஆளு ஒருத்தன் இருந்திருந்தா சிமெண்ட் கலக்குறதுக்கு முன்னாடியே டேப் வெச்சு அளந்து சொல்லிருப்பான். அதுக்குத்தான் சொல்றேன். 2016 சட்டப்படி 21 வகை ஊனம் இருக்கு, அரசு, எய்டட் காலேஜ்ல 5 சதவீத எடம் எங்களுக்கு ஒதுக்கணும், எடம் கொடுத்துட்டு கிளாஸை மாடில வெச்சா என்ன பிரயோஜனம்? எங்க கூட படிச்ச பார்வையில்லாத அண்ணன் ஒருத்தரு, ஒவ்வொரு செமஸ்டர்லயும் ஸ்க்ரைபுக்கு, அதான் அவரு சொல்லச் சொல்ல பரிச்சை எழுதுற ஆளுக்கு, அலைவாரு, ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிசம் கூடுதல் நேரம் உண்டு, மூணு மணி நேர பரிச்சைக்கு ஒரு மணி நேரம் கூடுதல். ஹால்ல இருக்குற சூப்பர்வைசருக்கு அது தெரியாம பேப்பரை புடுங்கிட்டாரு ஒரு தடவை. மெம்பரா நீங்க பரிச்சைக்கு முந்தின நாள் ஹால் சூப்பர்வைசர்ங்க கிட்ட இத ஒரு வாட்டி சொன்னாலே பெரிய உபகாரம்.

---

நீடாமங்கலம்_லோக்கல்:

நடுவுல ஒரு கேள்வி. எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு திருநங்கை மாணவி சேர்ந்துருக்காங்க, அட்டெண்டன்ஸ்ல பழைய ஆம்பள பேரு இருக்கு, தினம் காலையில அதைப் படிக்க எனக்கே கஷ்டமா இருக்கு. யுனிவர்சிட்டில பேரு மாத்துனாத்தான் இங்க மாத்த முடியும்ங்குறாங்க. வழி இருக்கா?

---

அரசலாறு:

@நீடாமங்கலம்_லோக்கல் மார்க்ஷீட், சர்ட்டிபிகேட் பேருக்கு முறை இருக்கு, 2019 சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தர்ற அடையாளச் சான்றிதழ் வெச்சு விண்ணப்பிக்கட்டும், அதுக்கு நாளாகும். ஆனா தினம் கிளாஸ்ல கூப்புடுறதுக்கு யுனிவர்சிட்டி உத்தரவு எதுக்குங்க? அட்டெண்டன்ஸ்ல நம்பரை படிங்க, வாயால அவங்க சொல்ற பேரைக் கூப்புடுங்க. முதல்ல அவங்களையே கேட்டுட்டு செய்யுங்க, எல்லாருக்கும் முன்னாடி அறிவிக்கிறேன்னு கிளம்பிடாதீங்க, அதுவும் ஒரு எந்திரி நில்லுதான்.

---

ஃபைல்_கட்டு:

நான் காலேஜ் ஆபீஸ்ல இருக்குறவன், வேற ஊரு. எல்லாரும் அந்த ஆபீஸ்காரரை திட்டுறீங்க, நானே அப்படி கிளாஸ் கிளாஸா போயி கூப்புட்டவன், அதனால சொல்றேன். ரெண்டாயிரம் பிள்ளைங்களுக்கு மேல இருக்குற எடத்துல ஸ்காலர்ஷிப் சீட்டுல ஒரே ஒரு ஆளு, யுமிஸ்னு அரசு ஆன்லைன் தளம், அதுல ஒவ்வொருத்தருக்கா ஏத்தணும், ஆதாரோட பேங்க் அக்கவுண்ட் சேந்துருக்கணும், வருமான சான்றிதழ் பழசா இருந்தா திருப்பி அனுப்பிடும், மேல இருந்து இன்னைக்குள்ள முடின்னு போனு மேல போனு. போர்டுல போட்டா பிள்ளைங்க படிக்கிறதில்ல. கடைசி தேதி தாண்டுனா பணம் போனது பிள்ளைக்கு, திட்டு வாங்குறது நாங்க. அந்த பதட்டத்துல வாய் "எஸ்சி பசங்கள்லாம்"னு வந்துடும். கெட்ட எண்ணம் கெடையாது, ஆனா மூணாவது பெஞ்சு பொண்ணை எழுதிருந்தீங்களே, நான் கூப்புட்டப்ப எத்தனை பேரு எந்திரிக்காம இருந்துருப்பாங்கன்னு இப்பத்தான் யோசிக்கிறேன். ஃபார்ம் வாங்காமலே போனவங்களும் இருந்துருப்பாங்க.

நாங்க ரெண்டு வருஷமா ஒரு வழி பண்ணிக்கிட்டு இருக்கோம். சாதிவாரியா லிஸ்ட் ஒட்டுறதில்ல. எஸ்சி ஸ்காலர்ஷிப், பிசி எம்பிசி ஸ்காலர்ஷிப், புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், பஸ் பாஸ், டிசி பாக்கி, எல்லாத்தையும் கலந்து ஒரே தாள், "கீழ்க்கண்ட பதிவெண் உள்ளவர்கள் அலுவலகத்துக்கு வரவும்", அவ்ளோதான். எதுக்குன்னு அதுல இருக்காது. கவுண்ட்டர்ல வந்து நம்பர் சொன்னா நாங்க எதுக்குன்னு சொல்லுவோம், அதையும் மெதுவா. யாரு எதுக்கு வந்தாங்கன்னு பின்னாடி நிக்கிறவனுக்குத் தெரியாது. கூட்டமும் ஒழுங்கா வருது, ஏன்னா எல்லாருக்கும் தன் நம்பரு இருக்கான்னு பாக்கணும்னு ஆசை.

உங்க ஆபீஸ்ல சூப்பிரண்டு கிட்ட நேரா புகாரா போவாதீங்க மேடம். டீ டைம்ல போயி, சார் உங்க வேலை குறைய ஒரு வழின்னு ஆரம்பிங்க.

---

கடுவையாறு:

@ஃபைல்_கட்டு சார், இதை வெளிப்படையா ஒத்துக்கிட்டதுக்கே ஒரு கும்பிடு.

---

ஓடம்போக்கி:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க, பேப்பர் திருத்துற வேலை, நடுவுல பொங்கல் லீவு வேற. எங்க வீட்டுலயும் அறுவடை, மிஷின் கெடைக்காம நாலு நாள் காத்துக் கெடந்தோம், அது தனிக் கதை.

முதல் மீட்டிங்கு தவிர மத்ததுக்கு கையெழுத்து போடுவியான்னு கேட்டாங்க, நான் வந்த மீட்டிங்கு ஒண்ணு நடத்துங்க மேடம் அதுல போடுறேன்னேன். கோவப்படுவாங்கன்னு நெனச்சேன். "எனக்கு இதோட ஆறு கமிட்டிமா, எதை நடத்துறது"ன்னாங்க, பாவமாத்தான் இருந்துச்சு. அரசலாறு அய்யா சொன்ன மாதிரி 2012 பக்கத்த பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், அந்த வகுப்புல அறிவிக்கிற வரியை ரெண்டு தடவை படிச்சாங்க. பாகுபாட்டுக்கு எதிரான ஆபீசர் யாருன்னு கேட்டேன். ஃபைல்ல தேடுனா அதுவும் அவங்கதான்!

சரின்னு நெசமாவே ஒரு மீட்டிங் போட்டோம். ஸ்டூடன்ட் ரெண்டு பேரையும் கூப்புடலாம்னேன், தேரடி அண்ணன் எழுதுனதை நெனச்சு மூணு சக்கர ஸ்கூட்டர்ல வர்ற தர்ட் இயர் தம்பி ஒருத்தரை சொன்னேன், எல்லாரும் சரின்னாங்க. சர்க்குலர் போட்டாச்சு, மணி மூணு, எடம் கான்ஃபரன்ஸ் ஹால். மூணே கால் வரைக்கும் அந்தத் தம்பி வரல. எங்கன்னு கீழ எறங்கிப் பாத்தா படிக்கட்டு கிட்ட ஸ்கூட்டர்ல உக்காந்து மேல பாத்துக்கிட்டு இருக்கு. கான்ஃபரன்ஸ் ஹால் மாடில. எட்டு பேருக்கும் தோணல, எனக்கும்தான் தோணல, அவரைக் கூப்புட சொன்னதே நான். அப்புறம் பிரின்ஸிபால் உள்பட எல்லாரும் எறங்கி வந்து வேப்ப மரத்தடி சிமெண்ட் பெஞ்சுல உக்காந்தோம், ஒரு மணி நேரம் ஓடுச்சு, காக்கா எச்சம் ஒரு சார் சட்டையில விழுந்துச்சு, அதை மினிட்ஸ்ல எழுதல.

அந்தத் தம்பி பேசுனது மூணே விஷயம், கிளாஸ் கீழ் தளத்துக்கு, ரேம்ப், டாய்லெட். அடுத்த செமஸ்டர் அவங்க கிளாஸ் ரூமை கீழ மாத்துறதுக்கு மட்டும் அங்கயே பிரின்ஸிபால் ஒத்துக்கிட்டாரு, டைம்டேபிள் மாத்துனா போதும்ல. ரேம்ப் பொதுப்பணித்துறைக்கு எழுதணுமாம். எழுதிருக்கு. பதினெட்டு அடின்னு நானே லெட்டர்ல சேத்துட்டேன், எஞ்சினியர் வந்து அளந்துட்டு எடம் பத்தாது, திருப்பிக் கட்டணும், எஸ்டிமேட் கூடும்னு சொல்லிட்டு போயிருக்காரு. அதுக்கு மேல தகவல் இல்ல.

ஸ்காலர்ஷிப் விஷயத்துக்கு சூப்பிரண்டு சார்கிட்ட டீ டைம்ல போனேன். வேலை குறையும்னு சொன்னதும் காது கொடுத்தாரு. போன திங்கக்கிழமை கலந்து அடிச்ச நம்பர் லிஸ்ட் முதல் தடவையா போர்டுல வந்துச்சு. எங்க கிளாஸ் பசங்க ஓடிப்போயி "டேய் என் நம்பரும் இருக்குடா, எதுக்குடா"ன்னு கத்திக்கிட்டு கெடந்தானுங்க. அந்த மூணாவது பெஞ்சு பொண்ணும் கூட்டத்துல நின்னு விரலை வெச்சு தேடிக்கிட்டு இருந்துச்சு. அது என்கிட்ட இதைப் பத்தி ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் சொல்லல. கிளாஸ்ல வந்து கூப்புட்டவருக்கு மட்டும் இன்னும் பழக்கம் போவல, நேத்து பக்கத்து கிளாஸ்ல ஆரம்பிச்சாராம், அப்புறம் நாக்கைக் கடிச்சுக்கிட்டு "சரி போர்டைப் பாருங்க"ன்னுட்டு போயிட்டாராம்.

மினிட்ஸ் நான்தான் எழுதுனேன். பாதில பேனா தீந்து போயி கறுப்பு மைல முடிச்சேன். கன்வீனர் மேடம் பாத்துட்டு, இதைப் பாத்தாலே நெசமா நடந்த மீட்டிங்னு தெரியும்னு சிரிச்சாங்க.

---

ஃபைல்_கட்டு:

மேடம் அந்த நோட்டீஸை ஒரு போட்டோ போடுங்க, எங்க புது சூப்பிரண்டு கிட்ட காட்டணும், பழைய மாதிரியே ஒட்டலாம்ங்குறாரு.

---

ஓடம்போக்கி:

நாளைக்கு காலையில எடுத்துப் போடுறேன் சார், நம்பரையெல்லாம் மறைச்சுட்டு.